‘பகிர்வு’ என்னும் பொய்ச்சொல்

கைப்பேசிச் செயலிகள் நம்மைப் பற்றிய தகவல்களைச் சமூக ஊடக நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன என்பது இப்போது யாருக்கும் புதிய செய்தி இல்லை. படித்துப் படித்துச் சலித்துப்போன செய்தி. அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல நாம் பயன்படுத்தும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘தரவுப் பகிர்வு’ என்கிறோம். நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கையில் அந்தச் சொல்தான், நாளிதழ்களிலும் அதுதான், சட்ட விவாதங்களிலும் அதுதான். தமிழில் பகிர்வது என்றால் தன்னிடம் உள்ளதில் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுப்பது. கட்டுச்சோற்றைப் பகிரலாம், துக்கத்தைப் பகிரலாம். இரண்டிலும் பகிர்பவர் அதற்கு உரியவர். பக்கத்து வீட்டார் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன சாவியை ஒருவர் மூன்றாம் ஆளிடம் கொடுத்துவிட்டு, ‘பகிர்ந்துகொண்டேன்’ என்றால் நாம் ஒப்புவோமா? அதற்கு வேறு பெயர் உண்டு. செயலிகள் விஷயத்தில் அந்த வேறு பெயர் என்ன என்பதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு நடுவர் குழு 2025 ஆகஸ்டில் சொன்னது: ஒட்டுக்கேட்டல். அதுவே சரியான சொல் என்பது என் கட்சி.

அந்த வழக்கு ஃப்ளோ என்ற செயலியைப் பற்றியது. பெண்கள் மாதவிடாய் நாட்களைக் குறித்துவைத்து, அடுத்தது எப்போது வரும், கருத்தரிக்க ஏற்ற நாட்கள் எவை என்று பார்த்துக்கொள்ளும் செயலி. உலகெங்கும் 10 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தியது. அதில் பதிவாகும் விஷயங்களை நினைத்துப் பாருங்கள்: தள்ளிப்போன நாட்கள், வயிற்றுவலி, மனச்சோர்வு, குழந்தை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு. பெற்ற தாயிடம்கூடச் சொல்லத் தயங்குபவை, மருத்துவரிடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சொல்பவை. 2019 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 70க்கும் மேற்பட்ட செயலிகளைச் சோதித்துப் பார்த்தது. குறைந்தது 11 செயலிகள் இத்தகைய அந்தரங்கத் தகவல்களை ஃபேஸ்புக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இதயத் துடிப்பை அளக்கும் ஒரு செயலி, அளந்த கையோடு அந்த எண்ணை அனுப்பியது. வீடு வாங்க விற்க உதவும் ஒரு செயலி, பயனர் எந்த வீட்டைப் பார்த்தார், அதன் விலை என்ன, எதைப் பிடித்ததாகக் குறித்துவைத்தார் என்பதை அனுப்பியது. ஃப்ளோ, மாதவிடாய் வந்துவிட்டது என்பதையும், கர்ப்பமாக விரும்புகிறேன் என்பதையும் அனுப்பியது. செய்தி அச்சாகும் வரை ஃப்ளோ அதை நிறுத்தவில்லை.

எப்படி அனுப்பியது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். என் வாதம் முழுவதும் அந்தப் பொறியமைப்பில்தான் இருக்கிறது. செயலி உருவாக்குபவர்கள் எல்லா நிரலையும் தாங்களே எழுதுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் பொட்டலங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். எஸ்டிகே என்று தொழிலில் சொல்வார்கள். ஃபேஸ்புக் அப்படி ஒன்றை இலவசமாகத் தருகிறது. எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள், எந்தத் திரையில் அலுத்துப்போய் மூடினார்கள், எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார்கள் என்றெல்லாம் அது கணக்குச் சொல்லும். சிறு நிறுவனங்களுக்கு வரப்பிரசாதம். ஒரு மொத்த வியாபாரி ஊரிலுள்ள மளிகைக் கடைகளுக்கெல்லாம் இலவசமாகத் தராசு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தராசு, எடையும் சரியாகவே காட்டும். ஆனால் ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும், யார் எதை எவ்வளவு வாங்கினார் என்ற சீட்டின் ஒரு படி அந்த வியாபாரியின் கிடங்குக்குப் போய்விடுகிறது. வாங்க வந்தவருக்குக் கடைக்காரர் தெரிவார், தராசு தெரியும். கிடங்கு தெரியாது.

இந்தப் பொட்டலம் இரண்டு வகையாகச் செய்தி அனுப்பும். செயலியைத் திறந்தார், மூடினார் என்பவை தாமாகப் போகும். அதற்கு மேல் என்ன அனுப்ப வேண்டும் என்பதை உருவாக்குநரே பெயர் சூட்டித் தீர்மானிக்கலாம். ஃப்ளோ சூட்டிய பெயர்களில் ஒன்று ‘ஆர்_பிரெக்னன்சி_வீக்_சோசன்’. கர்ப்பத்தின் வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். ஃப்ளோ மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தந்த புகாரில் இந்தப் பெயர் அப்படியே பதிவாகியிருக்கிறது. இதை அவிழ்க்கச் சங்கேத நிபுணர் தேவையில்லை. உள்ளே எந்த எண்ணும் இல்லாவிட்டாலும் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இந்தப் பெயருள்ள செய்தி ஒரு கைப்பேசியிலிருந்து வந்தால் அதை வைத்திருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது விளங்கிவிடும். திருடன் வரவில்லை, பூட்டு உடையவில்லை. எல்லாம் திட்டமிட்டபடி ஒழுங்காக வேலை செய்தது. ‘தரவுக் கசிவு’ என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. கசிவது ஓட்டைப் பாத்திரம். இது குழாய்.

ஃப்ளோ ஒரு விதிவிலக்கோ என்று தோன்றலாம். இல்லை. லண்டனில் இயங்கும் பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2018 டிசம்பரில் ஆண்ட்ராய்டு செயலிகள் 34ஐ எடுத்து, அவை வெளியே அனுப்புவதை இடைமறித்துப் பார்த்தது. குறைந்தது 61 சதவீதச் செயலிகள், பயனர் திறந்த அந்த நொடியிலேயே ஃபேஸ்புக்குக்குச் சேதி அனுப்பின. அவருக்கு ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே இல்லை. கயாக் என்ற பயணச் செயலி, புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, எத்தனை பயணச்சீட்டு, அதில் குழந்தைகள் எத்தனை, எந்த வகுப்பு என்பது வரை அனுப்பியது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. பயனர் சம்மதிக்கும் வரை இந்தப் பொட்டலத்தை வாய்மூடி வைத்திருக்கும் வசதியை ஃபேஸ்புக் தந்தது அதற்கு 35 நாள் கழித்து. அதுவும் உருவாக்குநர் விரும்பினால் மட்டும். அதுவரை முதலில் பேச்சு, பிறகு அனுமதி என்பதுதான் ஏற்பாடு.

இங்கே முதல் மறுப்பு எழும். ‘பெயர் இல்லையே, வெறும் எண்தானே போகிறது?’ உண்மைதான். போவது கைப்பேசியின் விளம்பர அடையாள எண். ஆனால் அந்த எண் எதற்காகப் படைக்கப்பட்டது? ஒரே ஆளை வெவ்வேறு செயலிகளில் அடையாளம் காண்பதற்காக. அதைக் காட்டி ‘அடையாளம் இல்லை’ என்பது, ரேஷன் அட்டை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டோம், குடும்பத் தலைவர் பெயரை எழுதவில்லை என்பது போல. மேலே சொன்ன ஆய்வு ஒரு சேர்க்கையைக் கற்பனை செய்து காட்டியது. ஒரே எண்ணிலிருந்து நான்கு செயலிகள் திறக்கப்படுகின்றன. ஒன்று தொழுகைத் திசை காட்டுவது, ஒன்று மாதவிடாய்க் கணக்கு, ஒன்று வேலை தேடுவது, ஒன்று குழந்தைகளுக்கான பேசும் பூனை விளையாட்டு. எந்தச் செயலியும் எந்த இரகசியத்தையும் சொல்லவில்லை, ‘திறந்தார்’ என்று மட்டுமே சொன்னது. ஆனாலும் கேட்பவருக்கு ஒரு முகம் தெரிந்துவிட்டது: அனேகமாக முஸ்லிம் பெண், வேலை தேடுகிறார், வீட்டில் குழந்தை இருக்கிறது. அதே கைப்பேசியில் ஃபேஸ்புக் கணக்கும் இருந்தால் அந்த முகத்துக்குப் பெயர் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

‘படித்துப் பார்த்துத்தானே சம்மதம் கொடுத்தார்கள்?’ என்பது அடுத்தது. நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அது பழியைப் பயனர் தலையில் பாதி இறக்கிவைக்கிறது. ஃப்ளோ விஷயத்தில் உண்மை அதற்கு நேர்மாறு. மாதவிடாய், கர்ப்பம், உடல் அறிகுறிகள் பற்றிய தகவல்களை வெளியாருக்குத் தரமாட்டோம் என்று அதன் தனியுரிமைக் கொள்கை எழுதிக் கொடுத்திருந்தது. பொறுப்பாக உட்கார்ந்து படித்தவர்தான் கூடுதலாக ஏமாந்தார். வர்த்தக ஆணையம் 2021 ஜனவரியில் சமரச ஒப்பந்தத்தை அறிவித்து, ஜூனில் அதை உறுதி செய்தது. இனி வெளிப்படையான சம்மதம் இல்லாமல் யாருக்கும் தரக்கூடாது, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அழிக்கச் சொல்ல வேண்டும், பயனர்களுக்கு நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். அபராதம்? ஒரு டாலர்கூட இல்லை.

இதுவரை நாம் செயலியைப் பற்றியே பேசினோம். கேட்டவர் என்ன சொல்கிறார்? ‘உடல்நலம் போன்ற நுண்ணிய தகவல்களை எங்களுக்கு அனுப்பக்கூடாது என்று விதிமுறையில் எழுதியிருக்கிறோம். மீறியவர் உருவாக்குநர். நாங்கள் என்ன செய்ய முடியும்?’ ஃபேஸ்புக்கும், பின்னர் பெயர் மாறிய மெட்டாவும் தொடர்ந்து வைத்த வாதம் இது. கேட்க நியாயமாக இருப்பதால்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை இதை விசாரித்து 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. விதி இருந்தது, அதை நடைமுறைப்படுத்த உருப்படியான முயற்சி இல்லை என்பது அதன் சாரம். நாளிதழில் வந்த பிறகே ஃபேஸ்புக் ஒரு வடிகட்டியை அமைத்தது. நோய்கள், உடல் செயல்பாடுகள், மனநலச் சிகிச்சை மையங்களின் பெயர்கள் எனச் சுமார் 70,000 சொற்கள் கொண்ட தடைப்பட்டியல். இந்தப் பட்டியலை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதுவே அந்த நிறுவனத்துக்கு எதிரான சாட்சி. வருவதில் எது நோய், எது கர்ப்பம் என்று பிரித்தறிய முடியும் என்பதை அது காட்டிவிட்டது. முன்பு அதைச் செய்யாமல் இருந்தது, செய்ய முடியாததால் அல்ல.

பொறுப்பு இரு கைகளுக்கும் உண்டு என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையிலேயே சொல்லியிருந்தது. ஃபேஷன் ஐடி என்ற ஜெர்மானியத் துணிக்கடை தன் இணையதளத்தில் ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானை வைத்திருந்தது. பொத்தானை அழுத்தாதவர்களின் தகவலும் ஃபேஸ்புக்குக்குப் போனது. அந்தத் தகவலைத் திரட்டி அனுப்பும் கட்டத்துக்குக் கடையும் ஃபேஸ்புக்கோடு சேர்ந்து பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அதாவது தராசை மேசையில் வைக்க ஒப்புக்கொண்ட கடைக்காரர், தராசு செய்தவரைக் கைகாட்டிவிட்டுத் தப்ப முடியாது. அதே நியாயத்தைத் திருப்பிப் போட்டால், தராசு செய்தவரும் கடைக்காரரைக் காட்டித் தப்ப முடியாது.

கலிஃபோர்னியாவில் அதுதான் நடந்தது. ஃப்ளோ பயனர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் கூகுள் 4.8 கோடி டாலர், ஃப்ளோ 80 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு விலகின. மெட்டா மட்டும் கடைசி வரை நின்று வாதாடித் தோற்றது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது தீர்ப்பைவிட அதற்குப் பயன்பட்ட சட்டம். இணையமோ கைப்பேசியோ இல்லாத 1967இல், தொலைபேசி ஒட்டுக்கேட்பைத் தடுக்க இயற்றிய மாநிலச் சட்டம் அது. அதில் தரவு, செயலி, பகிர்வு என்ற சொற்களின் சிக்கல் எதுவும் இல்லை. அது கேட்பது எளிய கேள்விகள். இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசிக்கொண்டார்களா? மூன்றாமவர் கருவி வைத்துக் கேட்டாரா, பதிவு செய்தாரா? பேசியவர்கள் அனைவரும் அதற்குச் சம்மதித்தார்களா? பெண்ணும் செயலியும் பேசிக்கொண்டார்கள். கருவி மெட்டாவுடையது. பெண்ணின் சம்மதம் இல்லை. நடுவர்கள் மெட்டாவைப் பொறுப்பாளி என்றார்கள். மெட்டா இதை ஏற்கவில்லை. ஆனாலும் புதிய சட்டங்கள் தத்தளிக்கும் இடத்தில் அறுபது ஆண்டு கிழச்சட்டம் ஒன்று விஷயத்தைச் சட்டென்று பிடித்துவிட்டது. காரணம், அது சரியான சொல்லோடு தொடங்கியது.

‘கேட்டது இயந்திரம்தானே, மனிதக் காது இல்லையே’ என்றும் சொல்லப்படுகிறது. தொலைபேசிக் கம்பியில் மாட்டிய ஒலிப்பதிவுக் கருவிக்கும் காது கிடையாது, புத்தியும் கிடையாது. அது குற்றமானது, பதிவானதை ஒருவர் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதால். இங்கே அந்த நோக்கம் விளம்பரம். மனிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் சில நூறு பேரைத்தான் கேட்டிருக்க முடியும். இயந்திரம் என்பதால்தான் கோடிக்கணக்கானவர்களைக் கேட்க முடிந்தது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பணம் பற்றியது. ‘இலவசமாகக் கிடைக்கும் செயலிக்கு யார் காசு கொடுப்பது? விளம்பரம் இல்லையென்றால் சிறிய நிறுவனங்கள் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.’ இதில் பாதி உண்மை. சிறு நிறுவனங்களுக்கு ஏற்ற விளம்பரச் சந்தை ஒன்று உருவானது இந்தக் கருவிகளால்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இலவசம் என்பதே காரணம் என்றால், காசு வாங்கியவர்கள் ஏன் கொடுத்தார்கள்? பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மனநல ஆலோசனைச் சேவை வாரத்துக்கு 60 முதல் 90 டாலர் வரை கட்டணம் வாங்கியது. அந்தரங்கம் காக்கப்படும் என்று வாக்குறுதியும் தந்தது. அப்படியும் ஆலோசனைக்கு வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்பது வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2023இல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. முகவரிகளைக் கலைத்து எண்கோவையாக்கித்தான் அனுப்பினோம் என்ற சமாதானமும் எடுபடவில்லை. அந்தக் கோவையை ஃபேஸ்புக் தன்னிடமுள்ள கோவையோடு பொருத்திப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினார்கள்.

கேட்டுவிட்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சோதனை நடந்துவிட்டது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன்களில் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா, இல்லையா? அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியால் 2022இல் தங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவின் நிதித் தலைவர் கணக்குச் சொன்னார். ஆப்பிளைத் தருமராசா என்று நினைக்க வேண்டாம். இதே ஏற்பாட்டை அது நடத்திய விதத்துக்காகப் பிரான்சின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் போட்டது. ஆனால் கணக்கு கணக்குத்தான். ‘எடுத்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்டாலே அத்தனை கோடி போய்விடும் என்றால், அத்தனை கோடியும் கேட்காமல் எடுத்ததன் விலை. ஒரு தொழில் பிழைப்பதற்குக் கேள்வி கேட்காமல் இருப்பது அவசியம் என்றால், அந்தத் தொழிலின் சிரமத்துக்காக நாம் இரங்க வேண்டியதில்லை.

‘என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை’ என்பவர்களுக்கு ஒரு தேதியை மட்டும் சொல்கிறேன். 2022 ஜூன் 24. கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை என்று 1973இல் தந்த தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்று தள்ளுபடி செய்தது. பல மாநிலங்களில் கருக்கலைப்பு குற்றமானது. முந்தின நாள் வரை வெறும் உடல்நலக் குறிப்பாக இருந்த ‘தள்ளிப்போன மாதவிடாய்’, மறுநாள் தடயமாகக்கூடிய பொருளாயிற்று. பெண்கள் அச்சத்தில் செயலிகளை நீக்கினார்கள். ஃப்ளோ அந்தச் செப்டம்பரில் பெயர், மின்னஞ்சல் இல்லாமல் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. மறைக்க இருக்கிறதா இல்லையா என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. நாளை வரப்போகும் சட்டம் தீர்மானிக்கிறது. சட்டம் மாறும்போது பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன.

இது அமெரிக்காவின் கதை என்று எழுந்துவிடாதீர்கள். மாயா என்ற மாதவிடாய்ச் செயலியை உருவாக்கியது பெங்களூர் நிறுவனம். பயனர் தனியுரிமைக் கொள்கைக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே அது ஃபேஸ்புக்குக்குச் செய்தி அனுப்புவதை அதே பிரைவசி இன்டர்நேஷனல் 2019 செப்டம்பரில் காட்டியது. உடல் அறிகுறிகளையும் மனநிலையையும் பதிந்தால் அவையும் போயின. கேள்வி எழுந்ததும் ஃபேஸ்புக்கின் பகுப்பாய்வுப் பொட்டலத்தை நீக்கிவிட்டதாக நிறுவனம் சொன்னது. நீக்கிய பிறகும் செயலி ஓடியது. அது இல்லாமல் ஓடாது என்ற கட்டாயம் முதலிலும் இருக்கவில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஆறு ஆண்டு கழித்து 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே தொடங்கும். சட்டத்தில் நல்லவை உண்டு. சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது, குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது, 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் முந்தைய வரைவுகளில் இருந்த ‘நுண்ணிய தரவு’ என்ற தனிப்பிரிவு இதில் இல்லை. மாதவிடாய்த் தேதியும் செருப்பின் அளவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்று. அதைவிடப் பெரிய குறை, அபராதம் எங்கே போகிறது என்பது. இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, உடல்நலம் போன்ற நுண்ணிய தகவலைக் கவனக்குறைவாகக் கையாண்ட நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. பெரிதாகப் பயன்படாத வழி, ஆனாலும் வழி. புதிய சட்டத்தின் 44ஆம் பிரிவு அதை அடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அற்பமான புகார் தந்தால் தந்தவருக்கு 10,000 ரூபாய் வரை தண்டம்.

கலிஃபோர்னியப் பெண்கள் வென்றதற்கு அவர்களின் அரசு மட்டும் காரணமில்லை. அரசின் ஆணையம் அபராதமே இல்லாமல் சமரசம் செய்துகொண்டு போன இடத்தில், அவர்கள் தாங்களே நீதிமன்றப் படியேற முடிந்தது. ஒரு மீறலுக்கு 5,000 டாலர் இழப்பீடு கேட்கும் உரிமையை அந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதரின் கையில் கொடுத்திருந்தது. நஷ்டம் இவ்வளவு என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நம் சட்டம் அந்த உரிமையைக் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 43ஏ பிரிவு நீங்கும் நாள் வருவதற்குள் அதைக் காப்பாற்ற வேண்டும், அல்லது அதைவிட நல்ல இழப்பீட்டுப் பிரிவு ஒன்றைப் புதிய சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதுங்கள். எழுதும்போது ‘பகிர்வு’ என்று எழுதாதீர்கள்.